பூஜ்யம் இல்லாத சக்கரம்

1972இல் வந்த 'பாங்' ஆட்டத்தின் குமிழ், ரேடியோவில் ஒலியைக் கூட்டும் குமிழைப் போன்றது. இரண்டு எல்லைகளுக்குள்தான் திரும்பும். தான் நிற்கும் இடம் அதற்கு எப்போதும் தெரியும். 1981இல் அட்டாரி வெளியிட்ட 'டெம்பெஸ்ட்'டின் குமிழ் வேறு ரகம். முடிவில்லாமல் சுழலும். உள்ளே ஓரத்தில் வெட்டுகள் உள்ள ஒரு தகடு, இரண்டு ஒளியுணரிகள். எது முதலில் மறைகிறது என்பதிலிருந்து திசை. எத்தனை முறை என்பதிலிருந்து தூரம். அவ்வளவே. இருப்பிடம் தெரியாது.

இதை வீட்டில் செய்கிறவர்கள் உண்டு. அபிஷேகப்பாக்கத்தில் நானும் ஒன்று செய்தேன்: பழைய வீடியோ டெக்கின் ஹெட் டிரம், பந்து மௌஸின் வெட்டுத் தகடு. கனம் இருப்பதால், கையை எடுத்த பிறகும் குயவன் சக்கரம்போல் சுற்றுகிறது.

பேரேட்டோடு பழகிய வங்கி குமாஸ்தாவுக்கு இது உறுத்தல். வரவும் செலவும் மட்டும் உண்டு, ஆரம்ப இருப்பு இல்லை. ஓர் எண்ணிக்கை தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறு. ஆயினும் ஆட்டம் கெடுவதில்லை. ஆடுகிறவன் திரையைப் பார்க்கிறான். பிசகைக் கை திருத்திவிடுகிறது.

மதிப்பீட்டுக்கு மாறாத தொடக்கப் புள்ளி வேண்டாமா என்று விமர்சனத்தில் கேட்கிறோம். மரபையே பூஜ்யமாக வைப்பவர்கள் பழைய குமிழை நம்புகிறார்கள். எல்லை தாண்டிய கவிதைக்கு அவர்களிடம் அளவில்லை. எல்லாம் சார்பு என்பவர்களோ திரையைப் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். நகர்வை மட்டுமே அறிந்தவனுக்கும் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு தீர்ப்புக்குப் பின்னும் அவன் படைப்பை மறுபடி பார்த்தாக வேண்டும். பார்க்க மறுப்பவனிடம் பிழை வட்டியோடு சேர்ந்துகொண்டே போகிறது.