பாட்டனாரும் பத்தாம் நிலையும்

இல்லறத்தார் ஒழுக்கத்தை நம் ஆசாரியர்கள் 11 நிலைகளாக வகுத்தனர். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவற்றை நிரல்பட உரைத்தார். அருங்கலச்செப்பு அந்நூற்பொருளைத் தமிழில் எளிய குறட்பாக்களாக நமக்கு அளித்தது. தரிசனம் முதல் உத்திட்ட தியாகம் ஈறாக அப்படிகளின் பெயர்களை இளமையில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவற்றுள் இரவுணவு நீத்தலைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். பிரமசரியத்தைப் பற்றிப் பேசுகிறோம். வாழ்வின் முடிவில் மேற்கொள்ளும் சல்லேகனையைப் பற்றி நாடே பேசிற்று. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தீர்ப்பளித்தபோது சமணப் பெருமக்கள் பல நகரங்களிலும் மௌன ஊர்வலம் சென்றனர். அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

பத்தாம் நிலையாகிய அனுமதித் தியாகத்தைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கக் காணோம். ஊர்வலம் வேண்டாத, எந்த நீதிமன்றமும் தடுக்க இயலாத துறவு அது. காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நடுவே இருந்துகொண்டே இயற்றலாம். அதனாலேயே அது மிகக் கடினமானது என்பது என் எண்ணம்.

எட்டாம் நிலையில் இல்லறத்தான் தொழிலை விடுகிறான். ஒன்பதாம் நிலையில் உடைமையை மக்களிடம் ஒப்படைக்கிறான். பத்தாம் நிலையில், தொழில், பொருள், திருமணம் முதலிய உலகியல் காரியங்களில் 'செய்' என்று சொல்வதையும் 'செய்யாதே' என்று சொல்வதையும் ஒருங்கே விட்டுவிடுகிறான். நடப்பது எதுவாயினும் ஒத்த மனத்தோடு இருக்கிறான். பொருளையே கொடுத்துவிட்டவனுக்குச் சொல்லை விடுவதா பெரிது என்று தோன்றலாம். நம் ஜபமாலையை எடுத்து எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மணிகள் 108 ஆனது ஏன் என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் கணக்கு உண்டு. ஒரு செயலை எண்ணுதல், அதற்கு ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என மூன்று. வெகுளி, மானம், மாயை, உலோபம் எனக் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் வினை வந்து சேரும் வழிகள் 108. அவற்றுள் 36 வழிகள் உடன்படலுக்கே உரியவை. கையால் ஒன்றும் செய்யாமல், எவரையும் ஏவாமல், சாய்வு நாற்காலியில் இருந்தபடி 'அப்படியே ஆகட்டும்' என்று தலையசைக்கும் பெரியவருக்கு மாலையில் மூன்றிலொரு பங்கு மிச்சம் இருக்கிறது. அந்த 36லும் மானத்துக்கு உரியவை 9. 'இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒன்று நடக்கலாமா?' என்னும் நினைப்பு அந்த 9இல்தான் ஒளிந்திருக்கிறது.

இக்காலத்தில் எட்டாம் நிலையை அரசே நமக்கு வழங்கிவிடுகிறது. தமிழக அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020இல் 58இலிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. அந்த வயது வந்ததும் மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒன்பதாம் நிலைக்குச் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. பலர் தானப்பத்திரம் எழுதிவைக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பேணிக் காக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பேணாதபோது மீட்க வழி செய்கிறது. நிபந்தனையோடு கொடுத்தது தியாகமாகுமா என்று சாத்திரம் அறிந்தவர் கேட்கலாம். பெற்ற மகனே சோறு மறுக்கும் வீட்டில் வாழும் முதியவரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மனம் வராது. அத்தகையவர் கோட்டாட்சியரிடம் செல்வதே முறை. இங்கே நான் எடுத்துக்கொண்டது வேறு வகை வீடு. சோற்றுக்கும் அன்புக்கும் குறைவில்லாத வீடு. அங்கேதான் பத்தாம் நிலை உண்மையான சோதனையாகிறது.

என் நண்பர் ஒருவர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனைவி மறைந்தபின், பள்ளிப்பட்டில் பணிபுரியும் மகனுடன் வசிக்கிறார். சுற்றிலும் விசைத்தறி ஒலியும், தெருவில் பாதித் தெலுங்குப் பேச்சும் கேட்கும் எல்லைப்புற ஊர் அது. பத்தாம் நிலையினன் ஜினாலயத்தில் தங்கி, நூல் ஓதி, நண்பகல் வழிபாட்டுக்குப் பின் யார் அழைத்தாலும் சென்று உண்ணலாம் என்று ஆசாதரர் தம் சாகார தருமாமிருதத்தில் கூறினார். ஜினாலயத்துக்கு அருகில் குடியிருக்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நண்பருக்கு மாடியறையே ஜினாலயம். முன்னைய நிலைகள் ஒன்பதையும் முறைப்படி ஏற்காமல் பத்தாவதற்குத் தாவ இயலாது என்பதை அவர் நன்கு அறிவார். விரதமாக அன்றி, பயிற்சியாகவே அதனைத் தொடங்கினார்.

அதற்கு அவர் காட்டிய காரணம் அவ்வூரின் வரலாற்றிலிருந்தே கிடைத்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் வரை அவ்வட்டாரம் ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், பட்டாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணியைச் சூழ்ந்த பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. "ஒரு மாவட்டத்தில் படுத்து உறங்கியவர்கள் மற்றொரு மாவட்டத்தில் கண்விழித்தார்கள் ஐயா. அதன்பிறகும் சித்தூரிலிருந்து ஆணை வந்துகொண்டே இருந்திருந்தால் இந்த மக்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? வீட்டுச் சாவியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, இன்ன குழம்பு வை என்று மாடியிலிருந்து சொல்லுகிறவனும் அந்தச் சித்தூர் அலுவலகந்தான்" என்றார்.

ஆறு மாதத்தில் ஓர் இடர் வந்தது. மருமகள் கண்கலங்கி, "நாங்கள் என்ன குற்றம் செய்தோம்? மாமா எங்களோடு பேசுவதே இல்லையே" என்று கணவரிடம் முறையிட்டார். எதைக் கேட்டாலும், 'உங்கள் விருப்பம்' என்னும் ஒரே விடை. அது துறவியின் சொல்லாக அவர் காதில் விழவில்லை. முகம் திருப்பிக்கொண்ட மாமனாரின் சொல்லாகவே விழுந்தது. ஊமைக்கோபத்தை நம் வீடுகளில் கண்டு பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. இங்கே மருமகள் பக்கமே நியாயம் என்பேன். நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் வாத்சல்யம் ஒன்று. கன்றிடம் பசுவுக்குள்ள பரிவை அதற்கு உவமை கூறுவர். அனுமதியைத் துறப்பவன் வாத்சல்யத்தையும் சேர்த்துத் துறந்தால் முதற்படியே இடிந்துவிடும். நண்பர் இதை உடனே உணர்ந்தார். இப்போது பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், கடைக்குப் போய்வருகிறார், தெருக்கதை எல்லாம் பேசுகிறார். முடிவு சொல்வதை மட்டும் விட்டிருக்கிறார்.

அப்படியிருக்கையில் பேத்தியின் திருமணம் வந்தது. முகூர்த்தத்துக்குக் காஞ்சிபுரம் பட்டு எடுப்பதென்று வீட்டில் பேச்சு. பட்டு எவ்வாறு கிடைக்கிறது என்பது நம்மவர் அறியாததன்று. கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியேறினால் நூல் அறுந்துபோகும் என்பதால், அதற்கு முன்பே கூட்டுப்புழுவை வெந்நீரிலோ ஆவியிலோ கொன்றுவிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் செல்லும். கொல்லாமையை உயிர்நாடியாகக் கொண்ட நம் சமூகத்தின் மணப்பந்தல்களிலும் பட்டு புகுந்து நெடுங்காலம் ஆகிறது. அதனை உண்பதில்லையே என்னும் சமாதானமும் உடன் புகுந்துவிட்டது.

மணச்சேலை உலகியல் காரியம் என்றால் பெரியவர் பேசக்கூடாது. கொலை தொடர்புடையது என்றால் பேசாதிருக்கக்கூடாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் நாட்டு வழக்கு. நண்பர் வாளா இருந்தால் வீடு முழுவதும் அதனைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளும். சாத்திரத்தின்படி மனம் உடன்படாத மௌனம் அனுமோதனம் ஆகாது என்று வாதிடலாம். ஆனால் பேத்தி தாத்தாவின் மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியுமா?

இருவரும் இதைப்பற்றி நெடுநேரம் பேசினோம். நான் கொண்ட முடிவு இது: பத்தாம் நிலை விடச் சொல்வது தீர்ப்பை, அறிவை அன்று. வழுவுகிறவரை நிலைநிறுத்தும் ஸ்திதீகரணமும் நற்காட்சியின் உறுப்பே. அதனை எந்த நிலையிலும் எந்த ஆசாரியரும் விலக்கவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து ஒரே பகலில் வள்ளிமலைக்குச் சென்று திரும்பலாம். கங்க மன்னன் இராசமல்லன் காலத்து, அதாவது 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் அங்குள்ள பாறையில் இருக்கின்றன. நண்பர் பேரனை அங்கே அழைத்துச் சென்றார். 'இவர்கள் என்ன செய்கிறார்கள், தாத்தா?' என்று கேட்ட சிறுவனுக்கு அரைமணி நேரம் விடை கூறினார். அதனால் அவர் பயிற்சிக்கு ஒரு குறையும் நேரவில்லை. 'ஆகையால் நீ நாளை முதல் இதைச் செய்' என்று முடித்திருந்தால்தான் குறை.

பேத்தி மாடிக்கு வந்து, "தாத்தா, பட்டு எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"எடுக்கலாமா, வேண்டாமா என்று என்னைக் கேட்காதே, அம்மா. பட்டு எப்படி வருகிறது என்று கேள், சொல்கிறேன்" என்றார்.

அவள் கேட்டாள். அவர் சொன்னார். ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும இராஜையா என்பவர், அந்துப்பூச்சி வெளியேறியபின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டை உருவாக்கியதையும், அதன் பளபளப்புக் குறைவு, விலை கூடுதல் என்பவற்றையும் மறைக்காமல் கூறினார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

வீட்டில் பேசினார்கள். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்னும் கவலை மருமகளுக்கு. முடிவில் காஞ்சிபுரம் பட்டே வந்தது. திருமணத்தன்று நண்பர் மகிழ்ச்சியோடு அட்சதை தூவினார். பேத்தியின் தலையில் கை வைத்து ஆசி கூறினார். தாம் மட்டும் எளிய பருத்தி வேட்டி உடுத்தியிருந்தார். அது அவர் எப்போதும் உடுத்துவதே.

விருந்தினராக வந்த உறவினர் ஒருவர் என்னிடம், "பெரியவர் ஓங்கி ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்குமே; இது தோல்வியன்றோ?" என்றார். எளிதில் தள்ளக்கூடிய வினா அன்று. ஆணையிட்டிருந்தால் அந்த ஒரு சேலை நின்றிருக்கலாம். அப்புழுக்களின் பக்கம் நின்று பார்த்தால் உறவினர் சொல்வதே சரி. ஆயினும் தாத்தாவுக்கு அஞ்சிப் பட்டை விட்டவள், தாத்தா இல்லாத நாளில் இரண்டு பட்டு எடுப்பாள். தாத்தா கூறிய செய்தியோ அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. இனி அவள் எந்தக் கடைக்குப் போனாலும் அது உடன் செல்லும். அவள் என்ன செய்வாள் என்பது அவள் வினை.

சொன்னவர் தம் சொல்லை ஆணையாகச் சொன்னாரா, அறமாகச் சொன்னாரா என்பதைச் சொன்ன நேரத்தில் அறிய முடியாது. கேளாமற் போனபிறகே அறிய முடியும். 'என் பேச்சைத் தட்டிவிட்டார்களே' என்று நெஞ்சு கசந்தால், மானத்தின் 9 மணிகளில் ஒன்று உருண்டது என்று பொருள். புழுக்களுக்காக மட்டும் நெஞ்சு வருந்தினால் அது கருணை. அன்று பந்தலில் இரண்டுங்கலந்தே இருந்தது என்று நண்பர் என்னிடம் மறைக்காமல் கூறினார். முன்னது நாளுக்கு நாள் குறைந்து வருவதாகவும் சொன்னார்.

அவருக்கு இப்போது எஞ்சியுள்ள சிக்கல் ஓய்வூதியம். கொடுத்துவிட்ட உடைமை திரும்ப வருவதில்லை; ஓய்வூதியமோ மாதந்தோறும் புதிதாக வந்து சேர்கிறது. ஓய்வூதியம் உள்ள தாத்தாவின் சொல்லுக்கு வீட்டில் கூடுதல் எடை இருப்பதும் உலகம் அறிந்ததே. ஆகவே வங்கி அட்டையை மருமகளிடம் கொடுத்து, செலவைப் பற்றித் தம்மிடம் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சென்ற மாதம் மருமகள் அதில் ஒரு மிக்ஸி வாங்கிவந்தார். நண்பர் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சற்று நின்று, "என்ன விலை?" என்று கேட்டாராம். மருமகள் சிரித்துக்கொண்டே என்னிடம் இதைக் கூறியபோது, அவரும் பக்கத்திலிருந்து சிரித்தார், மறுக்கவில்லை.