பிளந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள்

பசை இறுகும் முன்னே கிளாம்பைக் கழற்றாதீர்கள். மத்தூர்ப் பக்கம் மரப்பட்டறை நடத்தும் அண்ணன் தம்பிமார்களிடம் நான் முதலில் கெஞ்சிக் கேட்பது இதுதான். சாயங்காலத்துக்குள் லோடு வேண்டும் என்று ஓசூரிலிருந்து போன் மேல் போன் வருவது எனக்கும் தெரியும். பசைக்கு அந்த அவசரம் தெரியாது.

பசை கைவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஜெர்மனியில் பாட் ரைஷென்ஹால் என்று ஓர் ஊர். 2006 ஜனவரி 2 அன்று அங்கே பனிச்சறுக்கு அரங்கின் கூரை இடிந்து விழுந்தது. செத்தவர்கள் 15 பேர், பெரும்பாலோர் பிள்ளைகள். கூரையைத் தாங்கியவை பலகைகளை ஒட்டிச் செய்த உத்திரங்கள். காரணங்கள் பல சொன்னார்கள். அவற்றில் முக்கியமானது பசை. 1970-களில் கட்டும்போது போட்டது யூரியா ஃபார்மால்டிஹைடு. காய்ந்த இடத்தில் அது கல் மாதிரி நிற்கும். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் இற்றுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

நம் கடைகளில் எம்.ஆர். முத்திரையோடு விற்கும் பிளைவுட்டில் பெரும்பாலும் இருப்பதும் இந்த வகைப் பசைதான். வீட்டுக்குள் அலமாரிக்கு அது போதும். மழைச் சாரல் படும் உத்திரத்துக்குப் போடாதீர்கள். வெள்ளைப் பசையும் வேண்டாம். பாரம் ஏறி நின்றால் அது நாளடைவில் நழுவிக் கொடுக்கும். ஐ.எஸ். 710 பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். பாரம் சுமக்கும் ஒட்டுக்கு அப்படித் தாங்கும் பசை வேண்டும்.

பச்சை மாமரத்தை அறுத்த கையோடு ஒட்டாதீர்கள். ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் காயட்டும். ஃபிங்கர் ஜாயின்டுக்குப் பல் வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். கணுவை ஒட்டிப் பல் வெட்டவே கூடாது; கணுவின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளி வெட்டச் சொல்கிறது ஐரோப்பிய விதி. பலகை வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். வீணாகட்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். நேற்று ஒட்டி இறுகிய துண்டு ஒன்றை எடுத்து, ஒட்டின கோட்டில் உளியை வைத்து அடித்துப் பிளந்து பாருங்கள். மரத்தின் நார் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது. வழவழவென்று பசையின் பளபளப்போடு பிரிந்தால் பிடிக்கவே இல்லை. அப்படிப் பிரிந்தால் அந்த லோடை ஏற்றாதீர்கள். போன் செய்பவரிடம், இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிடுங்கள்.