பிழை பொறுத்தலும் பிழை மறைத்தலும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் படியேறி வந்த ஒரு வாலிபரை நம்மால் மறக்க இயலவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர். சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல் வேலை. கடையின் பின்கட்டில் இருந்த பழஞ்சுவர் ஒருநாள் அந்தி நேரத்தில் சரிந்து அவர் காலின்மேல் விழுந்தது. எலும்பு கூடிற்று, நடை கூடவில்லை. நம்மிடம் வந்தபோது விபத்து நடந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

“நஷ்ட ஈடு கேட்டீரா, தம்பி?” என்று நம் காரியதரிசி வினவினார். வாலிபர் தலையைக் குனிந்துகொண்டு, “முதலாளி நம்ம ஊர்க்காரவுக, மாமு. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவுகதான் கட்டுனாக. அவுக உப்பைத் தின்னுட்டு அவுக மேலேயே பிராது கொடுக்கவா? சுவர் விழுந்துச்சு, நான் அங்கே நின்னேன். என் நஸீபு அம்புட்டுத்தான்” என்றார்.

அவருடைய சொல்லில் நன்றியும் இருந்தது, பொறுமையும் இருந்தது. இரண்டும் நற்குணங்களே. ஆயினும் அந்தப் பதில் நம் நெஞ்சில் ஒரு முள்ளாகத் தைத்துவிட்டது. இடிந்து விழுந்த ஒன்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்பது நன்றி கொல்வதாகுமா? கேளாதிருப்பது பொறுமையாகுமா? இவ்விரு கேள்விகளையும் நாம் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

முதலில், சுவர் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். கட்டிடம் என்பது பாரத்தைத் தரைக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. கூரையின் பாரத்தை உத்திரம் வாங்குகிறது. உத்திரத்தின் பாரத்தைத் தூண் வாங்குகிறது. தூணின் பாரத்தை அடித்தளமும், அடித்தளத்தின் பாரத்தை மண்ணும் வாங்குகின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் அதன் சுமை அடுத்த கண்ணியின் தலையில் ஏறுகிறது. கணக்கில் பிழை, கலவையில் குறை, அனுமதியின்றி இடித்த தடுப்புச் சுவர், பிற்காலத்தில் ஏற்றிய சுமை, அடைபட்ட வடிகால், கம்பியைத் தின்னும் துரு, இவையே பெரும்பாலும் காரணங்கள். இவற்றுள் மனிதன் கை படாதது எது? மழையும் மண்ணும் இயற்கையின் செயல் எனலாம். ஆனால் இவ்வட்டாரத்தில் மழை பெய்யும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசலுக்குத் தொழப் போகும் அன்பர்கள், அங்கிருந்து சற்றே மேலே நடந்தால் ஓவன் சாலை முனையை அடைவார்கள். 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சனிக்கிழமை முற்பகலில், அவ்விடத்தில் நின்ற ஆறு மாடிக் கட்டிடம், நியூ வோர்ல்டு ஹோட்டல் என்று நாடறிந்தது, நொடிப்பொழுதில் தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். பெருவிரைவு ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த நிபுணர்கள் ஓடிவந்து, இடிபாட்டுக்குள் வழி குடைந்து உதவினர். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர்.

ஏன் விழுந்தது? கூரையின்மேல் பிற்காலத்தில் ஏற்றிய குளிர்சாதனக் கருவிகளையும், கீழ்த்தளத்து வங்கியின் இரும்புப் பெட்டக அறையையும், சுவரில் பதித்த ஓடுகளையும் பலர் சந்தேகித்தனர். விசாரணையில் வெளிவந்த உண்மையோ வேறு. 1971இல் அதைக் கட்டியபோதே கணக்குத் தவறியிருந்தது. உள்ளே வரும் மனிதர், சாமான் ஆகியவற்றின் எடையைக் கணக்கிட்டவர்கள், கட்டிடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை! தன்னைத் தானே தாங்க வலுவில்லாத கட்டிடம் பதினைந்து ஆண்டுகள் நின்றது. அதற்குள் எத்தனை பேர் உண்டு உறங்கி வாணிபம் செய்து போயினர்! இறுதி நாட்களில் தூண்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தளர்ந்தவற்றின் சுமையை மற்றவை ஏற்றன. அவையும் தாங்காத வேளையில் எல்லாம் ஒருசேர வீழ்ந்தன.

இதனை நஸீபு என்று சொல்லி எழுந்துபோயிருந்தால் அந்தக் கணக்குப் பிழை எவருக்கும் தெரிந்திராது. தெரிந்ததனால்தான் 1989இல் கட்டிடக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. ஒருவர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றும், கட்டி முடித்த கட்டிடங்களையும் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்றும் விதி வந்தது. இன்று சிங்கப்பூரின் அடுக்குமாடிகளில் நாம் அச்சமின்றி உறங்குவதற்கு, 1986இல் “ஏன்?” என்று கேட்டவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இனி, ஜொகூர் பாலத்துக்கு அப்பால் செல்வோம். சிலாங்கூர், உலு கிளாங்கில் குன்றின் அடிவாரத்தில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டிடங்கள் இருந்தன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி பிற்பகலில் அவற்றுள் ஒன்று அடியோடு சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். பின்புறக் குன்றில் ஓடிய நீரோடையைக் குழாய் வழியே திருப்பியிருந்தனர், வடிகால்கள் பேணப்படவில்லை, நீர் மண்ணில் ஊறிற்று, தடுப்புச் சுவர்கள் சரிந்தன, சரிந்த மண் கட்டிடத்தின் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளிற்று. மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்துக்கென அமைந்த அடித்தளம் பக்கத்திலிருந்து வந்த தள்ளலைத் தாங்கவில்லை.

எஞ்சிய இரு கட்டிடங்களில் வாழ்ந்தோர் உயிர் தப்பினர், ஆனால் வீடிழந்தனர். அவர்களுள் 73 பேர் வழக்காடினர். எதிரே நின்றவர் ஒருவரல்லர், பலர். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டினர். பலர் சேர்ந்து செய்த பிழைக்கு இதுவே வழக்கமான கதி: கட்டியவர் வரைந்தவரைக் காட்டுவார், வரைந்தவர் பொறியாளரைக் காட்டுவார், பொறியாளர் மழையைக் காட்டுவார். 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தச் சாக்கை ஏற்கவில்லை. பொறுப்பை நூறு பங்காக்கி அளந்தது. கட்டிடத்தை எழுப்பிய நிறுவனத்துக்கு 15, வரைபடம் போட்டவருக்கு 10, பொறியாளருக்கு 10, நகராண்மைக் கழகத்துக்கு 15, பின்புற நிலத்தின் உரிமையாளருக்கு 30, மேலே குன்றில் நிலத்தைத் திருத்திய நிறுவனத்துக்கும் அதன் நிர்வாகிக்கும் சேர்த்து 20. பலரிடையே பங்கிடப்படுவதால் குற்றம் கரைந்துபோவதில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரவர் பங்கு போய்ச் சேரும் என்பதே அத்தீர்ப்பு கற்பித்த பாடம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைக் காட்டி நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சட்டம் விடுவித்தவரை நாம் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது. எனினும் சட்டத்தின் எல்லை வேறு, கடமையின் எல்லை வேறு என்பதை இங்கே காண்கிறோம். சட்டம் கேட்பது, “உன்மீது வழக்குத் தொடர முடியுமா?” என்பது. மனசாட்சி கேட்பது, “உன்னால் தடுத்திருக்க முடியுமா?” என்பது. முதற்கேள்விக்கு “முடியாது” என்ற பதில் கிடைத்ததும் இரண்டாம் கேள்வியை மறந்துவிடுவோர் உலகில் மிகுதி.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை அருகே ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நால்வர் மாண்டதையும் ஈண்டு நினைவுகூர்வோம். மண்சுவரைத் தாங்கிய எஃகுச் சட்டங்களின் இணைப்புகள் போதிய வலுவின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன என்றும், மண் நகர்கிறது என்று முன்னரே தெரிந்த அறிகுறிகள் தக்கவாறு மதிக்கப்படவில்லை என்றும் விசாரணைக் குழு கண்டது. அன்று தம் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தாம் மண்ணுக்குள் மறைந்த மேற்பார்வையாளர் ஒருவரின் உடல் கிடைக்கவேயில்லை. பொறுப்பு என்ற சொல்லுக்கு அவரைவிட நல்ல பொருள் நமக்குத் தெரியவில்லை.

இனி, காயம்பட்டவருக்கு உள்ள வழிகளைச் சுருங்கக் கூறுவோம்.

சிங்கப்பூரில் வேலையின்போது காயம்பட்டவர், உள்நாட்டவராயினும் வெளிநாட்டவராயினும், 2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். இவ்வழியில் எவர்மீதும் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையால் காயம் நேர்ந்தது என்பதே போதும். தக்க காரணம் இருந்தாலன்றி, விபத்து நடந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இவ்வழியை விடுத்து நீதிமன்றம் செல்வோர் பிறரது கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு. ஒரே காயத்துக்கு இரு வழியிலும் நஷ்ட ஈடு பெற இயலாது.

மலேசியாவில் தொழிலாளருக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் அடங்குவர். தொழிலாளரல்லாத வாடகைக்காரரும் வழிப்போக்கரும் கட்டியவர், உரிமையாளர் ஆகியோர்மீது கவனக்குறைவுக்காக வழக்குத் தொடரலாம். தீபகற்ப மலேசியாவில் அதற்குப் பொதுவாக ஆறாண்டுக் கெடு. அரசாங்க அமைப்பின்மீது தொடுப்பதானால் மூன்றே ஆண்டு. மரணம் நேர்ந்தால், இறந்தவரை நம்பி வாழ்ந்த குடும்பத்தார் மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும்.

எவ்வழியாயினும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை ஒன்றே. இடிந்த இடத்தைப் படம் பிடித்து வைத்தல், கண்டவர்களின் பெயரும் முகவரியும் குறித்தல், மருத்துவர் சான்றையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தல், போலீசில் புகார் பதிதல், படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதிருத்தல். “இத்தொகையோடு எல்லாம் தீர்ந்தது” என்று எழுதிய ஒற்றை வரி ஆயுட்கால உரிமையை வாங்கிக்கொண்டு போய்விடக்கூடும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டாம். வசதி குறைந்த குடிமக்களுக்கு இரு நாடுகளிலும் அரசாங்கச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வழக்கறிஞர் சங்கங்களின் இலவச உதவி முயற்சிகள் உண்டு.

மீண்டும் அவ்வாலிபரிடம் வருவோம். தம் முதலாளிக்குத் துரோகம் செய்யலாகாது என்றே அவர் வாய்திறக்கவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய பணத்தை முதலாளி தம் பையிலிருந்து எடுத்துத் தரவேண்டியிருந்திராது. இத்தகைய தொழிலாளருக்கு முதலாளி காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். முதலாளி முன்னரே கட்டிய அந்தக் காப்புறுதியிலிருந்தே அது வந்திருக்கும். சுவரோ முதலாளியுடையதுமன்று, கடையை வாடகைக்கு விட்டவருடையது. யாருக்காக இவர் மௌனம் காத்தாரோ அவருக்கு அம்மௌனத்தால் ஒரு காசு இலாபமில்லை. ஓராண்டுக் கெடுவும் கழிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் காட்டிப் பார்க்கலாம், நீதிமன்ற வழியும் இன்னும் அடைபடவில்லை, வக்கீலிடம் போவோம் வாரும் என்றோம். “வேண்டாம் மாமு, ஊருக்குப் போறேன்” என்றவர் அம்மாதமே கப்பலேறாக் குறையாக விமானமேறிவிட்டார்.

அவர் பொறுமையை நாம் குறை கூறவில்லை. தமக்கு நேர்ந்த வலியைப் பொறுத்துக்கொள்வது அவரவர் உரிமை. அது பெருந்தன்மையும் ஆகும். ஆனால் பொறுப்பதற்கும் மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்தச் சுவர் ஏன் விழுந்தது என்று எவரும் கேட்கவில்லை. கேளாததனால் விழுந்த பகுதியை மட்டும் பூசி, எஞ்சிய பகுதியை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தோம். அதன் நிழலில் இன்று வேறொருவர் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். தம் காலுக்குரிய ஈட்டை விட்டுக்கொடுக்க அவ்வாலிபருக்கு உரிமை இருந்தது. அடுத்தவர் காலையும் சேர்த்து விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை உண்டா? அவர் ஊரில் அவரை நம்பியிருக்கும் தாயின் பங்கை விட்டுக்கொடுக்க உரிமை உண்டா?

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. நம்மில் கடை வைத்திருப்போர் உண்டு; வீடு வாடகைக்கு விடுவோர் உண்டு; குத்தகை வேலை எடுப்போர் உண்டு. ஓவன் சாலைக் கட்டிடம் பிறர் பாரத்தையெல்லாம் கணக்கிட்டுத் தன் பாரத்தைக் கணக்கிட மறந்தவர்களால் வீழ்ந்தது. நாமும் பிறர் பிழையை எண்ணும் வேகத்தில் நம் கூரையின் விரிசலை எண்ணாதிருக்கலாகாது.

ஆதலின் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. இடிபாட்டில் காயம்பட்ட எவரையேனும் நீங்கள் அறிந்தால், ஆறுதல் சொல்லி நின்றுவிடாமல், கெடு கழியுமுன் அவரைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அத்துடன், இன்றிரவு கடையை அடைக்குமுன் ஒருமுறை பின்கட்டுக்குப் போய், அந்தச் சுவரை விளக்கேற்றிப் பாருங்கள்.