பழைய மரத்துக்கு ஒரு வேலை

கூடத்துக்கு ஒரு பழைய டீப்பாய் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும், எதை வாங்குவது என்பதைவிட ஏன் பழையது என்ற கேள்விதான் எனக்குள் பெரிதாக எழுந்தது. புதிது என்றால் பார்த்த அன்றே பணம் கட்டிவிடலாம். வீட்டுக்கே கொண்டுவந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பழையதென்றால் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், வாங்கிய பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அதன்மேல் ஏறப்போவது அதே காபி டம்ளரும் அதே செய்தித்தாளும்தான். அப்படியானால் கூடுதலாக எதற்கு ஆசைப்படுகிறோம்?

இந்தக் கேள்வியோடுதான் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள், ரசம் போன நிலைக்கண்ணாடிகள், ரவிவர்மா படங்கள், சுவரில் சாய்த்து வைத்த தேக்குத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீடுகள் எப்படி எழுந்தன, எப்படிக் கலைந்தன என்று தெரியாமல் அங்கே ஒரு மணையைக்கூட வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தினர் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்தார்கள். அந்தச் செல்வம் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் கொண்ட வீடுகளாகக் காரைக்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் எழுந்தது. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பலர் கணக்குப் புத்தகங்களைக்கூட எடுக்க நேரமின்றி ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது; 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் எஞ்சிய தொழிலும் போயிற்று. வருமானம் நின்றது, வீடு நின்றது. ஒரே வீட்டுக்குப் பல குடும்பங்கள் பங்குதாரர்கள். அவர்களோ சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஓடு மாற்றவே பெரும் பணம் வேண்டும். அப்படித்தான் சில வீடுகளைப் பிரித்து, மரத்தைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் விற்றார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்ப்பது வேறு, அதன் கூரையை ஒழுகாமல் காப்பது வேறு.

இது தெரிந்த பிறகு கடைக்குள் இருக்கும் பொருள்கள் என் கண்ணுக்கு இரண்டாகப் பிரிந்து தெரிந்தன. ஒன்று, வீட்டுக்குள் இருந்தவை: பெட்டி, நாற்காலி, மேசை, ஊஞ்சல் பலகை. அவற்றை வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள், அவை மிஞ்சின. மற்றொன்று, வீடாகவே இருந்தவை: கதவு, நிலை, சன்னல், தூண். இப்போது நகரத்தில் பலர் விரும்பிக் கேட்பது இந்த இரண்டாவது வகையைத்தான். செதுக்கு வேலை நிறைந்த ஒரு கதவைப் படுக்கப் போட்டு, நான்கு கால் வைத்து, மேலே கண்ணாடி பதித்தால் டீப்பாய் தயார்.

எனக்கும் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. இடிந்த வீட்டுக் கதவை விறகாக்குவதைவிட மேசையாக்குவது புண்ணியம் என்றார் கடைக்காரர். அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் கதவு மேசைக்கு நல்ல விலை கிடைக்கிற வரைக்கும், இன்னும் நிற்கிற ஒரு வீட்டைப் பிரிக்க யாருக்காவது அது ஒரு காரணமாகிக்கொண்டே இருக்கும். அதற்கும் மேலாக என்னை உறுத்தியது அந்தக் கண்ணாடி. திறக்கவும் மூடவும் பிறந்த மரம் அது. தலைமுறை தலைமுறையாகக் கைகள் தள்ளித் தேய்த்த பரப்பின்மேல் இனி ஒரு கை படாது. பத்திரமாக இருக்கும், வேலை இருக்காது.

அங்கேதான் என் கேள்விக்கு விடை பிடிபடத் தொடங்கியது. பழைய பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு ஒரே நியாயம், அதற்கு நாம் வேலை கொடுப்பதுதான். தன் வேலையை இழந்து கடையில் கிடக்கும் ஒன்றை மறுபடி நாலு பேர் புழங்கும் இடத்தில் வைத்தால் அதன் ஆயுள் தொடர்கிறது. வெறும் காட்சிக்கு வைத்தால், கடையிலிருந்து நம் கூடத்துக்கு இடம் மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோல் கையில் வந்ததும் தேர்வு எளிதாயிற்று. கணக்குப்பிள்ளை மேசைமேல் எனக்கு வெகுநாள் ஆசை. தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்காகச் செய்த தாழ்ந்த மேசை. அதனால் இன்றைய சோபாவுக்கு உயரம் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அதன் மேற்பலகை எழுதுவதற்கு வாகாகச் சரிந்திருக்கும், டம்ளர் நிற்காது. எழுதுகிறவர் வீட்டில் அது உயிரோடு இருக்கும். காபி குடிக்கிற கூடத்தில் அதற்கு வேலையில்லை. சோபாவின் இருக்கை பெரும்பாலும் 17, 18 அங்குல உயரம். டீப்பாய் அதற்குச் சமமாகவோ ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்தோ இருந்தால்தான் கை இயல்பாக எட்டும். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். நடுவில் ஒன்றரை அடி இடைவெளி விட்டால் கால் இடிக்காமல் நடக்கலாம்.

பிறகு புரட்டிப் பார்க்க வேண்டும். மேசையின் மேற்பக்கம் கடைக்காரர் காட்ட விரும்புவதைக் காட்டும். அடிப்பக்கம் ஆசாரி செய்ததைக் காட்டும். கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடம் நேர்கோடுகளாக இருக்கும். வட்ட ரம்பத்தின் தடம் வளைந்து ஓடும். பழைய வேலையில் ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கி மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். வட்ட மேசையானால் குறுக்கும் நெடுக்கும் நாடா வைத்துப் பாருங்கள். மரம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும் என்பதால், உண்மையிலேயே பழைய வட்டம் சற்று நீள்வட்டமாகியிருக்கும். துளைகளிலிருந்து புதிதாக வெளுத்த தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. தேக்கின் நடுவிலுள்ள வைரம் பூச்சியைத் தாங்கும். ஓரத்து வெளிர்மரம் தாங்காது. பழைய பெயின்ட் அடித்ததாயிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்வாகச் சுரண்டித் தேய்க்கக் கூடாது.

"நூறு வருஷ மேசை சார்" என்று தாராளமாகச் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி கலைப்பொருளோ, கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளோ, நூறாண்டு ஆகியிருந்தால் அது தொல்பொருளாகும். அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வயதைப் பெருமைக்காகக் கேட்கும் நாம், வயதோடு வரும் பொறுப்பையும் கேட்க வேண்டும். முதல் பொறுப்பு, திருப்ப முடியாத எதையும் செய்யாதிருப்பது. உயரம் அதிகமென்று காலை அறுக்கக் கூடாது. கீறலைப் போக்க மேல்தோலையே இழைத்து எடுக்கக் கூடாது. அரக்குப் பாலிஷ் போட்ட பலகையில் சூடான பாத்திரம் வெள்ளை வளையம் விடும்; ஒரு சிறு தட்டு வைத்தால் தீர்ந்தது. மெழுகு பூசினால் அடுத்தவர் துடைத்தெடுத்துப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

கடைசியில் நாங்கள் எடுத்தது செதுக்கு வேலை ஏதுமில்லாத, ஓரத்தில் ஒற்றைக் கோடு மட்டும் இழைத்த ஒரு தேக்கு மேசை. ஒரு மூலையில் மைக்கறை இருக்கிறது. அதைப் போக்கித் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றோம். இப்போது அதன்மேல் கீரை ஆய்கிறார்கள், பையன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான், ஆயுத பூஜையன்று புத்தகங்கள் ஏறுகின்றன. எங்கள் வீட்டுக் கறைகளும் அதில் சேரும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முன்பு இருந்தவர்களும் அப்படித்தான் அதை வைத்திருந்தார்கள்.

பழைய டீப்பாய் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் தங்கள் கூடத்தில் ஒரு நாள் முழுக்க என்னென்ன நடக்கிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம். யார் எங்கே உட்காருகிறார்கள், எதை எங்கே வைக்கிறார்கள், குழந்தை எதன்மேல் ஏறுகிறது என்று பார்த்து, அத்தனையையும் தாங்குகிற மேசை எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அதையே எடுக்கலாம். வேலையில்லாத பழமையை வீட்டில் உட்காரவைத்தால் அதைக் காவல் காக்கும் வேலை நம் தலையில் விழுந்துவிடும்.