ஒளித்த மூர்த்தியும் ஒளிக்காத மந்திரமும்

யுத்தமும் ரகசியமும் கூடிவிட்டால் நாவலாசிரியருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் முற்றிலும் வேறு ருசியுள்ள கதைகளை எழுதிக் குவித்தவர், ஸ்ரீ வேணுகோபாலன் என்ற பெயரில் எழுதிய ‘திருவரங்கன் உலா’வைக் காரைக்குடி வீட்டு முகப்புத் திண்ணையில் நான் பிரித்தபோது உச்சி வெயில், நிமிர்ந்தபோது வளவில் விளக்கேற்றியிருந்தார்கள். அரங்கன் அகப்பட்டுவிடுவானோ என்ற கவலையில் பொழுது போனதே தெரியவில்லை. மூடிவைத்த பிறகு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது: எங்கும் நிறைந்தவன் என்று நாம் சொல்கிறவனை மனிதர் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

1323-இல் உலூக்கானின் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, மூலவருக்கு முன்னே கல்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான அழகிய மணவாளரைச் சில அடியார்களோடு எடுத்துக்கொண்டு காடும் மேடும் கடந்தவர், தள்ளாத வயதினரான பிள்ளை லோகாசாரியர் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. மதுரைக்கருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் பரமபதித்தார். மூர்த்தியோ கோழிக்கோடு, மேலுக்கோட்டை, திருமலை என்று அலைந்து, 48 ஆண்டுகள் கழித்து, 1371-இல், விஜயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் வீடு திரும்பியது.

அந்த லோகாசாரியர் எழுதியவை பதினெட்டு ரகசிய கிரந்தங்கள் என்பதில்தான் என் மனம் நின்றது. பெயர்தான் ரகசியம், சம்ஸ்கிருதப் படிப்பில்லாதவர்க்கும் பொருள் எட்டவேண்டும் என்ற பரிவினால் அவற்றை மணிப்பிரவாளத்தில் எழுதிவைத்தார். இந்தப் பரிவுக்கு முன்னோடி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குப் போகும் வழியிலுள்ள திருக்கோஷ்டியூரில், பதினெட்டு முறை நடந்து வந்து குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திர உபதேசத்தை, நரகம் கிடைத்தாலும் எனக்கு மட்டும்தானே என்று இராமானுஜர் ஊரறியச் சொன்னார் என்பது சிறு பிள்ளையும் அறிந்த கதை. வெளியானால் மதமே சரிந்துவிடும் என்னும் ரகசியங்களை வைத்துப் பின்னப்படும் மேல்நாட்டு நாவல்களை நானும் ஆவலோடு படிப்பவன்தான். ஆனால் இங்கே ரகசியம் வெளியானதும் நடந்தது இவ்வளவே: கோபித்த குரு, சீடனைத் தழுவி ‘எம்பெருமானார்’ என்றார்.

மந்திரத்தைக் கோயில் மேலே ஏறிக் கூவிய பரம்பரை மூர்த்தியை ஏன் மூடி மறைத்தது? விடை லோகாசாரியரின் ‘தத்துவத்ரய’த்திலேயே இருக்கிறது. அர்ச்சையாக எழுந்தருளிய இறைவன் அறியாதவன் போலவும், சக்தியற்றவன் போலவும், உண்பதற்கும் நீராடுவதற்கும் அர்ச்சகன் கையை எதிர்பார்ப்பவன் போலவும் இருக்கிறான் என்பது அவர் கண்ட தத்துவம். ஏட்டில் எழுதிய அந்தப் பாரதந்திரியம் முதுமையில் அவர் கையிலேயே கனத்தது என்பதை நினைக்கும்போது, சித்தாந்தம் என்பது எழுதியவனை எப்போது பரீட்சை செய்யும் என்று சொல்ல முடிவதில்லை. மந்திரத்தை எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. மூர்த்தியையோ ஒரே அடியில் உடைத்துவிடலாம்.

மூர்த்தி திரும்பியபோது இன்னொரு வேடிக்கையும் நடந்ததாம். இடைக்காலத்தில் வேறொரு மூர்த்தி எழுந்தருளியிருந்ததால், வந்தவர்தாம் பழைய பெருமாளா என்று எவருக்கும் நிச்சயமில்லை. பார்வையிழந்த ஒரு முதிய வண்ணார், திருமஞ்சனமான ஈரவாடையைப் பிழிந்து அந்தத் தீர்த்தத்தைச் சுவைத்து, ‘இவரே நம்பெருமாள்’ என்றார். அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று. பண்டிதர்கள் திகைத்து நின்ற இடத்தில் ஒரு நாக்குக்கு ருசி நினைவிருந்தது.

மாசி மகத்தன்று திருக்கோஷ்டியூர்த் தெப்பக்குளக் கரையில் வேண்டுதலோடு ஓர் அகலை எடுத்து வந்து, காசும் துளசியும் இட்டுச் சிறு பெட்டியில் மூடிப் பூஜையறையில் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என்ன வேண்டுதல் என்று நான் கேட்டதில்லை. அடுத்த மாசியில் ஆச்சி அதைக் கரைக்கு எடுத்துப் போய், ஆயிரம் அகல்களுக்கு நடுவே ஏற்றிவைத்துவிட்டு வருவாள்.