நின்ற நேரம் யாருடையது?

பொருள் தேடிப் பிரிந்து போவது சரியா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. பாலைத்திணைப் பாடல்கள் பலவற்றில் இந்தத் தவிப்புதான். பணம் வேண்டும், ஆனால் இவளை விட்டுப் போக வேண்டுமே என்று தலைவன் தன் நெஞ்சோடு வாதாடுகிறான். 301 அடிகள் கொண்ட பட்டினப்பாலையிலும் அந்த வாதம்தான் வருகிறது. காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் வரமாட்டேன் என்று தலைவன் நெஞ்சிடம் சொல்லிவிடுகிறான். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் போகாமல் இருக்க முடிகிற ஆளுக்குத்தான் இந்த வாதம் வாய்க்கும். போயே ஆக வேண்டியவனுக்குக் கேள்வி வேறு: போகிற இடத்தில் என் காலம் எப்படிச் செலவாகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது என் சித்தப்பா மகனால். எங்கள் ஏனாத்தூருக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம், இன்னொரு பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. அவன் தறியை விட்டுவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் போனான். வீட்டில் பெரிய சண்டை. "தறியில உக்காந்தா கண்ணு முன்னாடியாவது இருப்பான்" என்றார் சித்தி. அதில் நியாயம் இருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், கூடவே இன்னொரு ஆளின் கையும் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொரு கை மனைவியுடையது, அம்மாவுடையது. தறி குடும்பத்தை ஒரே குழியைச் சுற்றி உட்கார வைக்கும். ஆனால் காலையிலிருந்து இரவுவரை ஒரே அறையில் இருந்தும் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத நெசவாளர்களை நான் பார்த்திருக்கிறேன். கண் முன்னால் இருப்பதாலேயே கூட இருப்பதாக ஆகிவிடாது. அதனால் அவன் போனதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லாரி ஓட்ட வருபவனுக்குச் சட்டம் கேட்பது குறைவுதான். 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், அதன் பிறகு கனரக வாகனத்துக்குப் பழகி உரிமம் வாங்கலாம். பிரிவுக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியும் கிடையாது. சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 450, 500 என்று ஓட்டினால் நான்கைந்து நாள் போக, நான்கைந்து நாள் வர. பத்து நாளில் வீடு என்றுதான் எவரும் கணக்குப் போடுவார்கள். அவன் இருபது நாள் கழித்து வந்தான். மீதிப் பத்து நாள் எங்கே போனது என்று கேட்டேன்.

"ஓட்டுறது ஒண்ணும் பண்ணலண்ணா. கேட்டுக்கு வெளிய நிக்கிறதுதான்."

அன்லோடு செய்ய வரிசை. பகலில் நகரத்துக்குள் லாரிக்கு நோ என்ட்ரி. பில்லில் ஒரு எழுத்து தப்பென்றால் அரை நாள். எல்லாம் முடிந்தபின் ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் படுக்கை. டிரிப் கணக்கில் படி வாங்குகிறவனுக்கு நிற்கிற நாளில் செலவு உண்டு, வரவு இல்லை.

வண்டிகளை வரைபடத்தில் காட்டும் மென்பொருளில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடி வண்டி நகராமல் நின்றால் அதற்கு 'ஐடில்' என்று பெயர். டீசல் வீணாகிறது என்று முதலாளிக்கு எச்சரிக்கை போகும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் அந்த நேரம் எந்த எச்சரிக்கையிலும் வராது, வெறும் 'பார்க்கிங்'. உள்ளே ஒரு மனிதன் வரிசை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

மென்பொருளை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. நல்ல சட்டம். ஆனால் 'வேலை நேரம்' என்பதற்கு அது சொன்ன விளக்கத்தைப் பாருங்கள். ஓட்டும் நேரம் சேரும், அதைச் சார்ந்த வேலைகள் சேரும். முனையத்தில் சும்மா காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் சேரும். பதினைந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் காத்திருப்பு வேலையாக எண்ணப்படாது. காத்திருப்பு நீள நீள அது அவனுடைய சொந்த நேரமாகிவிடுகிறது! சரக்கை விட்டு நூறு அடி தள்ளிப் போக முடியாதவனுக்கு அது என்ன சொந்த நேரம்?

முன்பு அந்த நேரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளாவது இருந்தது. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்த விதி 2018-இல் தளர்த்தப்பட்டது. ஒருவரே போதும் என்றாகிவிட்டது. கிளீனர் என்ற வேலையும் மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். அதில் உப்பு வணிகர்களின் வண்டிகள் நெடுவழியில் போகின்றன. வண்டிக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டி வருகிறாள். அந்தக் காலத்து நெடுந்தூர லோடு அது, குடும்பத்தோடு போயிருக்கிறது. அவர்கள் வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்லவில்லை. நெடுவழிப் பயணம் என்றாலே தனிமைதான் என்று எந்த இயற்கை விதியும் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

"தெரிஞ்சுதானே அந்த வேலைக்குப் போனான்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். தெரிந்துதான் போனான். ஆனால் அவன் ஒப்புக்கொண்டது தூரத்துக்கு. டெல்லி 2,200 கிலோமீட்டர் என்பதை யாராலும் குறைக்க முடியாது, அதற்கான பிரிவை ஒருவன் ஏற்கலாம், அதில் பெருமைகூட உண்டு. கிடங்கில் ஆள் போதவில்லை என்பதால் வெளியே மூன்று நாள் நிற்பது தூரம் இல்லை. அது இன்னொருவரின் வசதி. இரண்டையும் ஒரே சொல்லில் 'பிரிவு' என்று கட்டி, பொறுத்துக்கொள்ளப் பழகு என்று அவனுக்கும் அவன் வீட்டுக்கும் உபதேசம் செய்கிறோம். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் அடுத்தவர் அலட்சியத்துக்கு அதை முட்டுக் கொடுக்க வைக்கும்போது அது சுரண்டலுக்குத் துணைபோகிறது.

புதிதாக இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு அவன் இப்போது சொல்லும் யோசனைகள் எளிமையானவை. வீட்டில் தேதி சொல்லாதே, 'லோடு இறங்கினதும் சொல்றேன்' என்று சொல். ஓட்டும்போது போன் எடுக்காதே, நிற்கும்போது நீயே கூப்பிடு. முதலாளியிடம் படி பேசும்போதே, நிற்கிற நாளுக்கு என்ன என்பதையும் பேசிவிடு. முதல் இரண்டும் மனசைக் காப்பாற்றும். எனக்கு மூன்றாவதுதான் அறம் சம்பந்தப்பட்டதாகப் படுகிறது. நின்ற நாளுக்குக் கூலி தர வேண்டியிருந்தால், கேட்டைத் திறக்க யாரும் மூன்று நாள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணம் பிரிவை ஈடுகட்டிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் விலையில்லாத நேரத்தை யாரும் மதிப்பதில்லை என்பதை அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன்.

நம் கைபேசியில் 'இன்று வந்து சேரும்' என்று காட்டும் பொருள் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது என்ற இரண்டு எண்களையும் சேர்த்துக் காட்டுவது நிரலாளனுக்குச் சின்ன வேலை. இரண்டாவது எண்ணைப் பார்த்தபின் அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவனை ஏன் நிறுத்தி வைத்தார்கள் என்று கேட்கத் தொடங்குவோம் என்று நினைக்கிறேன்.