காற்றுள்ளபோதே...

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்!' இதைச் சொல்லாத அப்பா உண்டா? பரீட்சைக்கும் சொல்வார், மனை வாங்கவும் சொல்வார். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எவ்வளவு தூற்றுவது? எப்போது நிறுத்துவது? பழமொழி அதைச் சொல்லவில்லையே!

நெல் தூற்றுகிறவர்களைப் போலவே காற்றை நம்பிப் பிழைக்கிற இன்னொரு கூட்டம் கடலில் இருக்கிறது. பாய்மரப் படகுக்காரர்கள். 2018 ஆசிய விளையாட்டில் சென்னையின் வருண் தக்கரும் கணபதியும் இதில்தான் வெண்கலம் வாங்கினார்கள்.

முதுகுப் பக்கமிருந்து காற்று வந்தால், சின்னப் படகுகளில்கூட ஸ்பின்னேக்கர் என்று ஒரு பாயை ஏற்றுவார்கள். பலூன் மாதிரி உப்பும். படகு பறக்கும். ஆனால், அதன் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு ஹாயாக உட்கார முடியாது. பாயின் ஓரம் லேசாகச் சுருளும்வரை விடணும். சுருண்டதும் கொஞ்சம் இழுக்கணும். திரும்ப விடணும். பலத்த காற்று மோதும்போது பிடிவாதமாகப் பிடித்தால் படகு சாய்ந்து, சுக்கான் பிடி இழந்து, பக்கவாட்டில் படுத்துவிடும். விட்டால்தான் பிழைக்கலாம்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. காற்று மணிக்கு 25 கி.மீ. வேகம், அதே திசையில் படகு 10 கி.மீ. என்றால், உங்கள் முதுகில் படுவது 15 தான். காற்றோடு ஓடுகிறவனுக்குக் காற்றின் பலம் தெரியாது. திரும்பும்போதுதான் தெரியும். அதனால் நல்ல மாலுமி, உடம்பில் படுவதை நம்பாமல் கடலைப் பார்ப்பான். அலை வெளுத்தால், படகு சுகமாக ஓடும்போதே அந்தப் பாயை இறக்கிவிடுவான்.

தஞ்சாவூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கடலே தெரியாது. 2011-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, ஜூன் 6-ம் தேதி திறந்தது. குறுவை கொழித்தது. 'அடுத்த வருஷம் டபுளா எடுக்கலாம்டா' என்று சித்தியின் நகையை அடகு வைத்து, பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்தார். 2012-ல் அணை திறந்தது செப்டம்பர் 17-ல். போர் இல்லாத நிலம். குறுவை போச்சு. நகை திரும்பவே இல்லை.

பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்லமாட்டேன். அவர் உழைப்பாளி. தள்ளியது ஆற்றுத் தண்ணீர். ஓடியது தன் கால் பலம் என்று நினைத்துவிட்டார். அவ்வளவுதான். ஜெயிக்கும்போது நாம் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்? அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வரும். அவர் பார்த்ததோ, போன வருஷத்து நெல் மூட்டைகளை!

சின்ன வயதில் எங்கள் ஊர்க் களத்தில் ஒரு பெரியவர் தூற்றுவதைப் பார்த்திருக்கிறேன். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, நெல்லை மெல்ல விடுவார். ஒருநாள் நல்ல காற்று. சட்டென்று முறத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். 'ஏன் தாத்தா?' என்றேன்.

'காத்து வலுத்துடுச்சு தம்பி. இப்பத் தூத்துனா பதரோட நெல்லும் போயிடும்.'

பழமொழி விட்டுவைத்த மீதியை அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் புரிய இத்தனை வருஷமாயிற்று. உங்களுக்கு இப்போது காற்று நன்றாக வீசுகிறதா? சந்தோஷம், தூற்றுங்கள். நடுவில் ஒருமுறை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, களத்துக்கு வெளியே விழுவது என்னவென்றும் பாருங்கள். பதர்தானா?